நீர் வற்றிய நகரம்

மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றுகின்ற ஆண்டுகளில் மஸ்கெலியாவுக்கு வருவோர் தொகை பெருகும். மாசி, பங்குனி மாதங்களில் மழை பொய்த்து நீர்மட்டம் இறங்க இறங்க, 1969இல் அணை கட்டி முடிக்கப்பட்டபோது நீரில் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டும். கோயிலின் கற்கட்டு தெரியும். விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் தெரியும். சுற்றிலும் தேயிலை பசுமையாக நிற்க, நடுவே வெடித்த சேற்று நிலம் பாலைநிலம்போல விரிந்து கிடக்கும். செய்தித்தாள்கள் படம் வெளியிடும். சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர் நல்லதண்ணிக்குப் போகும் வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கிப் பார்ப்பர். நாட்டில் மின்வெட்டு வருமோ என்று ஒரு சாரார் அஞ்சிக்கொண்டிருக்க, மறுசாரார் அந்த வறட்சியையே காட்சியாகக் கண்டு களிப்பது சற்று விநோதமானதுதான்.

அண்மையில் அத்தகைய வறட்சியொன்றின்போது, மஸ்கெலியாவை அடுத்த தோட்டமொன்றின் லயக் காம்பராவில் சகோதரிகள் இருவர் ஐம்பது ஆண்டுகளின் பின் ஒருவரையொருவர் கண்டனர். மூத்தவருக்கு வயது எழுபத்தெட்டு, இளையவருக்கு எழுபத்திரண்டு. இருவரும் பிறந்தது அதே லயத்தில்.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்து மக்களில் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை இரு நாடுகளும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. எண்கணிதத்தில் யாதொரு பிழையும் இல்லை. ஆயின் அந்தக் கணக்கு ஒரு லயத்துக்குள் வந்து இறங்கியபோது, மூத்தவரின் கணவர் வீட்டார் இலங்கைக்கு எழுதிப்போட்டிருந்தனர். இளையவரின் கணவர் வீட்டார் இந்தியாவுக்கு எழுதிப்போட்டிருந்தனர். தோட்டப்புறங்களைப் பஞ்சம் வாட்டிய 1974ஆம் ஆண்டில், கைக்குழந்தையோடு ஹட்டன் புகையிரத நிலையத்தில் வண்டி ஏறிய இளையவர், தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலைப் பிடித்து, மண்டபம் முகாமைக் கடந்து, நீலகிரியில் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றுக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கும் கொழுந்துதான் எடுத்தார். அங்கே அவருக்குச் 'சிலோன்காரி' என்று பெயர். இங்கே திரும்பி வந்து மூன்று நாட்களுக்குள் லயத்துப் பிள்ளைகள் 'இந்தியாப் பாட்டி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டனர்.

அவருடைய விசா முப்பது நாட்களுக்கானது, உல்லாசப் பயணிகளுக்குரியது. உல்லாசப் பயணியாக வந்தவருக்கு உல்லாசப் பயணம் காட்டாமல் விடலாமா என்று புறப்பட்டாள் மூத்தவரின் பேத்தி. பல்கலைக்கழகமொன்றின் கலைப்பீடத்தில் பயிலும் அவள், ஹட்டன் - நுவரெலியா வீதியில் வெள்ளைக்காரரும் கொழும்பாரும் எங்கெங்கே வாகனத்தை நிறுத்துகின்றனரோ அவற்றையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டாள். பக்கத்து லயத்துப் பையனின் வான் ஒழுங்காயிற்று. முதல்நாள் வீதி, மறுநாள் நீர்த்தேக்கம்.

விடியற்காலையில் புறப்பட்டவர்கள் நோர்வூட்டை அடைந்தபோது, பொகவந்தலாவைக்குப் பிரியும் பாதையைக் காட்டிப் பேத்தி ஒரு கதை சொன்னாள். அப்பாதையில் உள்ள சென் மேரிஸ் தேவாலயத்தின் முற்றத்தில் ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். புகைப்படக் கலை பிறந்து சில பத்தாண்டுகளே ஆகியிருந்த காலத்தில் அதில் உலகப் புகழ் ஈட்டியவர். 1875இல் இலங்கைக்கு வந்து 1879 ஜனவரியில் இம்மலைகளிடையே மறைந்தார். அவர் கணவரான சார்ள்ஸ் ஹே கமரன், இந்நாட்டு நிர்வாகத்தையும் நீதித்துறையையும் 1833இல் மாற்றியமைத்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயருக்கு உரியவர். அவரும் அங்கேயே உறங்குகிறார். இலங்கையில் அந்த அம்மையார் எடுத்த படங்களுள் முப்பதுக்கும் குறைவானவையே எஞ்சியுள்ளன. இங்கிலாந்தில் அவர் கமராவின் முன் அமர்ந்த தெனிசனுக்கும் டார்வினுக்கும் பெயருண்டு. இங்கே அவர் எடுத்த தொழிலாளரும் ஊராரும் பெரும்பாலும் பெயரற்றவர்கள்.

பேத்தி கைத்தொலைபேசியில் அப்படங்களுள் ஒன்றை எடுத்துக் காட்டினாள். மூத்தவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"இந்தப் பொம்பள பேரென்ன?"

"தெரியாது அப்பாயி. எழுதி வைக்கல்ல."

"படம் புடிச்சவ பேரு தெரியும், இவ பேரு தெரியாதா?" என்றார் மூத்தவர். பிறகு தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வெற்றிலைப் பையைத் தேடலானார்.

டிக்கோயாவுக்கு அண்மையில், 1965இல் கட்டப்பட்ட காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரைமேல், 1878ஆம் ஆண்டின் வோலி தேவாலயம் நிற்கிறது. அழகிய கற்கோயில். அக்கரையோரத்துத் துரைமார் பங்களாக்களில் சில இன்று செல்வந்த விருந்தினர் தங்கும் விடுதிகள். பூந்தோட்டமும் கணப்பு அடுப்பும் பழைய மாதிரியே பேணப்படுவதாகப் பேத்தி சொன்னாள். மூத்தவர் தமது தோட்டத்துப் பங்களா வாசலில் நின்றிருக்கிறார், உள்ளே போனதில்லை. "துட்டுக் குடுத்தா இப்ப யாரும் தூங்கலாமா?" என்று இளையவர் கேட்டார். கூலி எவ்வளவு என்று பேத்தி கூறியதும் அவ்விடயம் அத்துடன் முடிந்தது.

ஹட்டன் பட்டியலில் இல்லை. அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது பேத்தியின் கருத்து. ஆயினும் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கண்டதும் இளையவர் வானை நிறுத்தச் சொன்னார். 1884இல் இருப்புப்பாதை எட்டிய நிலையம் அது. கோப்பியின் வீழ்ச்சிக்குப் பின் எழுந்த தேயிலை இப்பாதை வழியே கொழும்புக்கு இறங்கியது. தொண்ணூறு ஆண்டுகளின் பின் அதே பாதையால் மனிதர் இறங்கினர். இந்தியாவுக்குப் போவோரையும் வழியனுப்ப வந்தோரையும் சேர்த்து அழவைத்துச் சென்ற அந்த வண்டிகளுக்கு மலையகத்தார் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தனர். அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தப் புலவனாலும் வைத்திருக்க முடியாது.

இளையவர் மேடைக்குள் சென்று, வண்டி ஏறிய இடத்தை நிதானித்து நின்றார். மூத்தவர் அவரைப் பின்தொடர்ந்து உள்ளே செல்லவில்லை. வெளியிலேயே வானின் அருகில் நின்றார். அன்றைக்கும் தாம் மேடைக்குள் செல்லவில்லை என்று பேத்தியிடம் சொன்னார். வயிற்றில் பிள்ளை இருந்ததாம். கூட்டத்தில் நசுங்கிவிடுவாய் என்று மாமியார் தடுத்துவிட்டாராம். பத்து நிமிடத்தில் இளையவர் திரும்பிவந்தார். கொட்டகலை தாண்டும்வரை வானுக்குள் யாரும் பேசவில்லை.

டெவோன் அருவியின் எதிரே வானை நிறுத்தினார்கள். 97 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அந்த நீர் வறட்சியில் மெலிந்து நூலாகியிருந்தது. அப்பால் சென்கிளேயார் அருவி. இலங்கையின் சின்ன நயாகரா எனப் புகழப்பட்ட அகன்ற அருவி அது. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டம் தலவாக்கலையில் ஆற்றை மறித்துச் சுரங்கத்துக்குள் திருப்பியது. அருவி செத்துவிடக்கூடாது என்ற மக்கள் எதிர்ப்பின் காரணமாகப் பகற்பொழுதில் ஓரளவு நீரைத் திறந்துவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. பார்ப்போர் இருக்கும் நேரத்தில் விழுகின்ற அருவி என்று இதைச் சொல்லலாம். "பகல்ல மட்டும் வேலையா? அப்ப இதுக்கும் பேரு போடுவாங்க" என்றார் மூத்தவர். ஒருநாள் வேலைக்கு ஒரு பேர், கொழுந்து குறைந்தால் அரைப்பேர் என்ற செக்ரோல் கணக்கில் நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர் அவர்.

அருவிக்கு அண்மையில் வீதியோரத்தில் ஒரு கோட்டை நிற்கிறது. ஸ்கொட்லாந்து நாட்டுக் கோட்டையின் சாயலில், கோபுரங்களோடு அமைந்த அந்தக் கட்டடத்துக்குள் தேநீரும் பலகாரமும் விற்கிறார்கள். தேயிலைப் பொட்டலங்கள் வாங்கலாம். இவ்வீதியின் விந்தைகளுள் தலையாயது இதுவே.

"எந்த ராசா கட்டினது?" என்று இளையவர் கேட்டார்.

"ராசா இல்ல சின்ன அப்பாயி, தேயிலை யாவாரி."

"அதானே. ராசா இருந்திருந்தா நமக்குத் தெரியாமலா இருக்கும்?"

அங்கே ஜேம்ஸ் டெயிலரின் சிலை நிறுவப்பட்டிருக்கிறது. 1852இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்து, 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்தில் 19 ஏக்கரில் முதன்முதலாக வணிக அளவில் தேயிலை பயிரிட்ட துரை இவர். 1892இல் அத்தோட்டத்திலேயே இறந்தபோது தொழிலாளர் முறைவைத்துக் கண்டிவரை அவர் பூதவுடலைச் சுமந்து சென்றனர். மகாய்யாவ மயானத்தில் அவர் கல்லறை உள்ளது. சுமந்தவர்களுக்குச் சிலை கேட்பது மிகையாகலாம். அந்த மலைச்சரிவுகளில் பிணப்பெட்டியோடு இறங்குவது எத்தகைய வேலை என்பதையாவது ஒரு பலகையில் எழுதிவைத்திருக்கலாம். சகோதரிகள் இருவரும் சிலைக்கு முன்னே நின்று பேத்தி படம் எடுக்க இசைந்தனர். படத்தில் இருவரும் கைகளை முன்னே கட்டிக்கொண்டு பிரட்டுக்களத்தில் நிற்பதுபோல நிற்கிறார்கள்.

நுவரெலியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாழ்நிலத்து வெப்பத்துக்கு அஞ்சிய ஆங்கிலேயர் இளைப்பாறுவதற்கென்று சமைத்த ஊர் அது. ஆளுநர் எட்வேர்ட் பார்ன்ஸின் 1828ஆம் ஆண்டு மாளிகை பின்னாளில் கிரான்ட் ஹோட்டலாயிற்று. 1870களில் ஆளுநர் கிரெகரி வெட்டுவித்த வாவியில் இன்று அன்னப்பறவை வடிவிலான படகுகள் மிதக்கின்றன. அவர்கள் ஓய்வுக்காக ஏறிய அதே பத்தாண்டுகளில்தான் தென்னிந்தியக் கிராமத்தவர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைவரை நடந்து, வேலைக்காக இம்மலைகளில் ஏறினர். செங்கற் கட்டடமாகவும் மணிக்கூட்டுக் கோபுரத்தோடும் அமைந்த 1894ஆம் ஆண்டின் அஞ்சலகம் இன்றும் அஞ்சலகமாகவே இருக்கிறது. அதனைச் சுற்றுலாத் தேவைக்குக் கொடுக்கும் யோசனைக்கு எதிராக 2023 நவம்பரில் அஞ்சல் ஊழியர் வேலைநிறுத்தம் செய்தனர். இளையவர் அங்கே தபாலட்டை ஒன்று வாங்கி, கோத்தகிரியிலுள்ள மகனுக்குத் தம் கையாலேயே முகவரி எழுதிப் பெட்டியில் போட்டார். ஐம்பது ஆண்டுகளாக அக்காளின் கடிதங்களை அங்கிருந்து வாங்கியவர், இங்கிருந்து அங்கே எழுதுவது அதுவே முதன்முறை.

அதன்பின் ஒரு பூந்தோட்டம். நுழைவாயிலில் சாளரங்கள் இரண்டு. உள்நாட்டவர்க்கு ஒன்று, வெளிநாட்டவர்க்கு மற்றொன்று. கட்டணம் பன்மடங்கு வேறுபடும். இது பல நாடுகளில் உள்ள நடைமுறையே, குறைசொல்வதற்கில்லை. மூத்தவரின் அடையாள அட்டையைப் பேத்தி காட்டினாள். அந்த அட்டை கிடைப்பதற்கு வழிசெய்தது நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 1988ஆம் ஆண்டின் சட்டம். அதுவரை, நாற்பது வயது தாண்டும்வரை, அவர் எந்தச் சாளரத்துக்கும் உரியவரல்லர். இளையவரின் இந்தியக் கடவுச்சீட்டில் பிறந்த இடம் மஸ்கெலியா என்று அச்சிட்டிருந்தது. சாளரத்தில் இருந்த இளைஞர் அதைப் பார்த்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். ஒரே மூக்கு, ஒரே தாடை. அவர் நல்லவர்தான். சிறிது நேரம் யோசித்துவிட்டு, தம்மால் ஒன்றும் செய்ய முடியாதென்று சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

"நீங்க பாத்துட்டு வாங்க. நான் இங்கன குந்தியிருக்கேன்" என்றார் இளையவர்.

"பூ தானே. அது நம்ம வாசல்லயே இருக்கு" என்று மூத்தவரும் படியில் அமர்ந்துவிட்டார். பேத்திக்கு வருத்தம். பையிலிருந்த ரொட்டியையும் சம்பலையும் அங்கேயே உண்டார்கள்.

சீதாஎலிய அம்மன் கோவிலில் சாளரம் இல்லை. ஓடைக்கரைப் பாறையில் உள்ள குழிகளை அனுமனின் பாதச்சுவடுகள் என்று காட்டுகிறார்கள். 2024 மே மாதத்தில் நடந்த கும்பாபிஷேகத்துக்கு அயோத்தியிலிருந்து சரயு நதி நீர் கொண்டுவரப்பட்டது. அதன்பின் வட இந்திய யாத்திரிகர் கூட்டம் கூடியிருக்கிறது. பஸ்ஸில் வந்த ஒரு குழுவின் வழிகாட்டி தமிழர். கோத்தகிரி என்றதும், "அப்ப நீங்களும் இந்தியாவிலருந்து ராமாயண யாத்திரையா பாட்டி?" என்று இளையவரைக் கேட்டார். "ஆமாய்யா" என்றார் அவர். பொய் சொன்னதாக அவருக்குத் தோன்றியதாகத் தெரியவில்லை.

பிற்பகல் கந்தப்பளையில் கழிந்தது. ஹெதர்செற் என்னும் பழைய தேயிலைத் தொழிற்சாலை அங்கே 1996இல் ஹோட்டலாக மாறியது. பல மாடிகளும் வரிசை வரிசையான சாளரங்களும் கொண்ட அந்தக் கட்டடத்தைத் தூரத்தில் நின்று பார்ப்பவர், கொழுந்து லொறி எப்போது வரும் என்றுதான் நினைப்பர். உள்ளே பழைய இயந்திரங்கள் சிலவற்றை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1903 - 04 காலத்தில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைவரை ஓடத் தொடங்கி 1940களில் நின்றுபோன குறும்பாதைப் புகையிரதத்தின் நினைவாக, முற்றத்தில் ஒரு வண்டிப் பெட்டியை உணவகமாக்கியிருக்கிறார்கள். சுற்றியுள்ள மலைகளில் விருந்தினர் சேலை கட்டி, கூடை மாட்டி, கொழுந்து எடுத்துப் பார்க்கவும் வசதி உண்டு. பாழடைந்து விழவிருந்த தொழிற்சாலையை இடித்து இரும்புக்கு விற்காமல் காத்தது நல்ல காரியம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"ஸ்டோருதான். ஆனா வாசன இல்லியே" என்றார் மூத்தவர். கொழுந்து வாடும் வாசனை எட்டுத் திக்கும் பரவாத தொழிற்சாலையை அவர் கண்டதில்லை.

வீதியோர மலையில் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் கூடையோடு நின்றார். கூடைக் கயிறு உச்சந்தலையில் தொங்க, கூடை ஒருபுறம் சரிந்து கிடந்தது. மூத்தவர் வானிலிருந்து இறங்கினார். யாரும் தடுக்குமுன் மலைக்குள் ஏறி, கயிற்றை நெற்றிக்கு மேலே ஏற்றி, சேலைத் தலைப்பை மடித்துக் கயிற்றுக்கு அடியில் வைத்து, கூடையை முதுகுக்கு நடுவே நிறுத்தினார். பின் அந்த அம்மாளின் விரல்களைப் பிடித்து, இரண்டு இலையும் ஒரு குருத்தும் எங்கே ஒடியும் என்பதைக் காட்டினார். அவர் கை ஓடத் தொடங்கிவிட்டது. ஓய்வு பெற்று இருபது ஆண்டுகள் கடந்த கை அது. ஐந்து நிமிடத்தில் அயல் செடிகள் நான்கும் வெறுமையாயின. பெண்மணி மகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு, ஒரு தாளை அவர் கையில் திணித்தார்.

வானில் ஏறியதும், "ஏன் அப்பாயி வாங்கினீங்க?" என்று பேத்தி கடிந்தாள்.

"வாங்கினா என்ன? எடுத்துக் குடுத்தேன்ல. ஒரு பேருக்கு மேல வரும்."

இளையவர் அன்று முழுவதிலும் அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பணத்துக்கு வீதியோரக் கடையில் லீக்சும் கரட்டும் வாங்கினார்கள்.

மறுநாள் காலை மூவரும் நீர்த்தேக்கத்துக்குள் இறங்கினர். கரையிலிருந்து பார்த்தபோது கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்த கற்கட்டு, நடக்க நடக்க விலகிப்போனது. சேறு மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. சில இடங்களில் கால் புதைந்தது. மூத்தவர் ஒரு தடியை ஊன்றி நடந்தார். அவர் இதற்கு முன்னும் இரண்டொரு வறட்சிகளில் வந்து பார்த்தவர். இளையவருக்கு இதுவே முதல்முறை. அவர் கண்ணால் கடைசியாகக் கண்ட பழைய மஸ்கெலியா, மனிதர் நடமாடிய மஸ்கெலியா. அப்போது அவருக்குப் பதினாறு வயது. மூத்தவரின் திருமணம் 1966இல் இந்தக் கோயிலிலேதான் நடந்தது.

கற்கட்டை அணுகியதும் தகராறு தொடங்கியது. கோயில் வாசல் மேற்கே ஆற்றைப் பார்த்து இருந்தது என்றார் மூத்தவர். கிழக்கே கடைவீதியைப் பார்த்து இருந்தது என்றார் இளையவர். தாலி கட்டி வெளியே வந்ததும் ஆற்றுக்காற்றில் மாலை பறந்தது தமக்கு நினைவிருக்கிறது என்றார் மூத்தவர். அக்கா மாப்பிள்ளையோடு வெளியே வந்தபோது எதிர்ப்புறப் புடவைக் கடை முதலாளி எழுந்து நின்று கும்பிட்டதை, தாம் தட்டு ஏந்திப் பின்னால் நின்று பார்த்ததாக இளையவர் கூறினார்.

"கல்யாணம் பண்ணுனவ நானா, நீயா?"

"பண்ணுனவ தலயக் குனிஞ்சுக்கிட்டு இருந்தே. பாத்தவ நானு."

பேத்திக்கு இது வேடிக்கையாகத் தொடங்கி, போகப்போக வேறாகத் தோன்றியது. இளையவர் அந்த வெற்றுச் சேற்றில் தயக்கமின்றி நடந்தார். இதோ பஸ் நிற்கும் இடம், இதோ ரொட்டிக் கடை, இதோ அப்பாவின் தோடு அடகிருந்த கடை என்று ஒவ்வோரிடமாகக் காட்டினார். கோத்தகிரியில் ஐம்பது ஆண்டுகளாக அந்த நகரம் அவருக்குள் ஓர் ஓடுகூடக் கழராமல் நின்றிருக்கிறது. மூத்தவரோ ஒவ்வோரிடத்திலும் நின்று யோசித்தார். மேட்டில் கட்டிய புதிய நகரத்தில் அரை நூற்றாண்டு சாமான் வாங்கியவர் அவர். நீரையும் பார்த்தவர், நீர் வற்றியதையும் பார்த்தவர். அவருடைய பழைய நகரத்தின்மேல் புதிய நகரமும் நீரும் சேறும் மாறி மாறிப் படிந்துவிட்டன. தங்கை சொல்லச் சொல்ல, "அப்படித்தான் போல" என்று பல இடங்களில் விட்டுக்கொடுத்தார். கோயில் வாசலை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

மேற்குப் புறத்தில் சேற்றைக் காலால் விலக்கியபோது படிபோன்ற ஒரு கல் வெளிப்பட்டது. மூத்தவர் வெற்றியோடு தடியால் தட்டினார். கிழக்குப் புறத்திலும் அதேபோன்ற கல் ஒன்று கிடந்தது. நீர் ஐம்பது ஆண்டுகளாகப் புரட்டிய கற்கள். எது எங்கே இருந்ததென்று யார் சொல்வது?

இதற்குள் கரையிலிருந்து கூட்டம் இறங்கியது. இளைஞர் சிலர் கற்கட்டின்மேல் ஏறி நின்று படம் எடுத்தனர். குடும்பமொன்று பாய் விரித்து உணவுப் பொதிகளை அவிழ்த்தது. சிவனொளிபாத மலை பின்னணியில் தெளிவாகத் தெரிந்த நேரம் அது. எல்லோருக்கும் அந்தக் கோணமே வேண்டியிருந்தது. கமரா வைத்திருந்த இளைஞர் ஒருவர் மரியாதையாக, "ஆச்சி, ரெண்டு பேரும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நிக்கிறீங்களா? படத்துல விழுறீங்க" என்றார்.

இருவரும் கைகோத்துக்கொண்டு பத்தடி தள்ளி நின்றனர்.

"இப்ப நாம நிக்கிறது புடவைக் கடைக்குள்ள" என்றார் இளையவர்.

"இல்ல. அது அடுத்த கடை" என்றார் மூத்தவர்.

இரண்டு வாரத்தின் பின் இளையவர் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினார். மூத்தவர் இம்முறை வாசல்வரை சென்றார். அதற்கு அப்பால் எவரையும் விடுவதில்லை. சித்திரையில் மழை பிடித்தது. நீர்த்தேக்கம் நிரம்பத் தொடங்கி, கற்கட்டு முழுதும் மறைந்த நாளில், பேத்தி கரையில் நின்று ஒரு படம் எடுத்துக் கோத்தகிரிக்கு அனுப்பினாள். அதில் நீரையும் அப்பால் மலையையும் தவிர வேறொன்றும் இல்லை. மறுமொழி இரவில் வந்தது. பேரன் ஒருவன் தட்டச்சுச் செய்திருக்க வேண்டும், சொற்கள் அவருடையவை.

"அக்காகிட்ட சொல்லு. வாசல் கெழக்கதான்."

பேத்தி அதை வாசித்துக் காட்டினாள். மூத்தவர் அடுப்பில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தார்.

"மேக்கன்னு எழுது" என்றார்.